திறப்பை வைத்திருப்பவருக்கும் ஒரு சாட்சி வேண்டும்

2008 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகர நிர்வாகம் விசித்திரமானதொரு நெருக்கடிக்கு முகங்கொடுத்தது. மாநகரின் அலுவலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கணினி வலைப்பின்னல் வழமைபோல இயங்கிக்கொண்டிருந்தது. ஆனால், அதனை நிர்வகிப்பதற்கான கடவுச்சொற்கள் ஒரேயொரு பொறியியலாளரிடம் மாத்திரமே இருந்தன. மேலதிகாரிகளுடன் முரண்பட்டிருந்த அவர் அவற்றைக் கையளிக்க மறுத்தார். கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட பின்னரும் மறுத்தார். ஈற்றில் மாநகர முதல்வரே சிறைக்கு நேரில் சென்றபோதுதான் அவரிடம் கடவுச்சொற்களை ஒப்படைத்தார். ஏறக்குறைய 12 நாட்களாக ஒரு பெருநகரம் தனக்குச் சொந்தமான வலைப்பின்னலை நிர்வகிக்க முடியாத நிலையில் இருந்தது. 2010 இல் நீதிமன்றம் அந்தப் பொறியியலாளருக்கு 4 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அவர் செய்தது குற்றம் என்பதை நீதிமன்றம் தீர்மானித்துவிட்டது. ஆனால், ஒரு தனிமனிதரின் கையில் இத்தனை அதிகாரம் சென்று சேர்வதற்கு நிர்வாகம் எவ்வாறு இடமளித்தது என்ற கேள்வி இன்றும் பொருத்தமானதாகவே இருக்கின்றது. சான் பிரான்சிஸ்கோவில் சிக்கலுக்கு உள்ளானவை வலைப்பின்னல் கருவிகள். அதே சிக்கல் உலகின் பெரும்பாலான சேவைக் கணினிகளை இயக்கும் யுனிக்ஸ், லினக்ஸ் வகை முறைமைகளில் பிறவியிலிருந்தே இருந்து வருகின்றது. அதனைத் தீர்ப்பதற்கென உருவான மென்பொருள்கள் கடந்த சில ஆண்டுகளில் அடைந்துள்ள மாற்றங்கள், கணினித் துறைக்கு அப்பாற்பட்டவர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை. ஏனெனில் நமது வங்கிக் கணக்கு, தொலைபேசிப் பதிவு, வைத்தியசாலை அறிக்கை போன்றவை இத்தகைய கணினிகளிலேயே பெரிதும் பேணப்படுகின்றன.

எல்லாம் வல்ல பாவனையாளர்

யுனிக்ஸ் முறைமை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் உருவாகத் தொடங்கியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வகையில் அது அமைந்திருந்தது. ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒருவரின் கோப்பை இன்னொருவர் அனுமதியின்றித் திறக்க முடியாது. இந்த விதிகள் அனைத்துக்கும் புறம்பாக ஒரு பாவனையாளர் இருக்கிறார். அவரது இலக்கம் 0, பெயர் 'ரூட்'.

ரூட் எந்தக் கோப்பையும் வாசிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். புதிய பாவனையாளர்களைச் சேர்க்கலாம், இருப்பவர்களை நீக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, தான் செய்தவற்றின் பதிவுகளையும் அழிக்கலாம். கணக்காளரே காசாளராகவும் கணக்காய்வாளராகவும் இருக்கும் ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்த்தால் இந்த நிலைமை எளிதில் விளங்கும்.

ஆரம்ப காலத்தில் இந்த அதிகாரத்தைப் பெறுவதற்கு 'சூ' என்ற கட்டளை பயன்பட்டது. ரூட்டின் கடவுச்சொல்லை அறிந்தவர் அக்கட்டளையை இட்டு, அக்கடவுச்சொல்லை வழங்கினால் ரூட்டாகவே மாறிவிடுவார். ஓர் அலுவலகத்தில் ஐந்து நிர்வாகிகள் இருந்தால் ஐவரும் ஒரே கடவுச்சொல்லை அறிந்திருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டு விலகினால் அதனை மாற்றி எஞ்சியோருக்கு மீண்டும் அறிவிக்க வேண்டும். இரவோடிரவாக ஒரு கோப்பு அழிந்துபோனால், அழித்தவர் ரூட் என்பது மட்டுமே தெரியவரும். அந்த ஐவரில் எவர் அந்நேரம் ரூட்டாக இருந்தார் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது இலகுவானதன்று.

பங்கிடப்பட்ட அதிகாரம்

இந்தக் குறையைப் போக்கும் முயற்சியாக 1980 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பொப் கொக்சல், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவரும் 'சூடூ' என்ற சிறிய மென்பொருளை எழுதினர். இன்று லினக்ஸ் கணினிகளிலும் அப்பிள் நிறுவனத்தின் மெக் கணினிகளிலும் காணப்படுவது அதன் வழிவந்த மென்பொருளே.

அதன் அடிப்படை எளிமையானது. ரூட்டின் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லத் தேவையில்லை. யார், எந்தக் கணினியில், எந்தக் கட்டளையை, யாருடைய அதிகாரத்துடன் இயக்கலாம் என்பது ஒரு விதிக்கோப்பில் எழுதி வைக்கப்படும். பாவனையாளர் தமது சொந்தக் கடவுச்சொல்லையே வழங்குவார். விதி இடமளித்தால் கட்டளை இயங்கும், இல்லையேல் மறுக்கப்படும். இரண்டில் எது நடந்தாலும் அவரது பெயருடன் பதிவாகும். அச்சுப்பொறியைப் பராமரிப்பவருக்கு அச்சுப்பொறிச் சேவையை மீள இயக்கும் அதிகாரம் மட்டும் போதும். தரவுத்தளத்தைப் பேணுபவருக்கு அதற்குரிய கட்டளைகள் மட்டும் போதும். எவருக்கும் தேவைக்கு மிஞ்சிய அதிகாரம் வேண்டியதில்லை என்ற இந்தக் கோட்பாடே 'சிறப்புரிமை அணுகல் முகாமைத்துவம்' என இன்று அழைக்கப்படும் துறையின் அத்திவாரமாகும்.

எனினும் நடைமுறையில் மூன்று ஓட்டைகள் எஞ்சியிருந்தன.

முதலாவது, பதிவுகள் அதே கணினியிலேயே சேமிக்கப்பட்டன. ரூட்டின் அதிகாரத்தை முழுமையாகப் பெற்ற ஒருவர் முதல் வேலையாகப் பதிவேட்டைத் திருத்திவிடலாம்.

இரண்டாவது, அனுமதிக்கப்பட்ட ஒரு கட்டளைக்குள்ளிருந்து அனுமதிக்கப்படாத வேறொன்றுக்குத் தப்பிச் செல்ல முடிந்தது. ஓர் எழுத்துத் தொகுப்பானை ரூட்டின் அதிகாரத்துடன் திறக்க ஒருவருக்கு அனுமதி உண்டென வைத்துக்கொள்வோம். பல தொகுப்பான்களுக்குள்ளிருந்தே வேறு கட்டளைகளை இயக்கலாம். அவ்வாறு இயக்கப்படுபவையும் ரூட்டின் அதிகாரத்தையே பெறும். பதிவேட்டிலோ அவர் ஒரு கோப்பைத் திருத்தினார் என்ற ஒரு வரி மட்டுமே இருக்கும்.

மூன்றாவது, ஒருமுறை வழங்கப்பட்ட அனுமதி நிரந்தரமாகிவிடும். இரண்டு வாரப் பணிக்காக வந்த ஒப்பந்தகாரரின் பெயர் இரண்டு ஆண்டுகள் கழிந்தும் விதிக்கோப்பில் இருக்கும். அதனை நீக்க வேண்டும் என்பது எவருக்கும் நினைவில் இராது.

புதிய வசதிகள்

1990களின் முற்பகுதியிலிருந்து சூடூ மென்பொருளைப் பேணி வருபவர் டொட் மில்லர். 2011 இல் வெளியான அதன் 1.8 பதிப்பு, வெளியார் எழுதும் துணை நிரல்களை இணைத்துக்கொள்ளும் வகையில் மாற்றியமைக்கப்பட்டது. 2020 இல் வெளியான 1.9 பதிப்பும் அதனைத் தொடர்ந்து வந்தவையும் மேற்சொன்ன ஓட்டைகளை அடைக்க முற்பட்டன.

இவற்றுள் முதன்மையானது மையப் பதிவுச் சேவையகம். நிர்வாகி இடும் கட்டளையும், அவர் தட்டச்சு செய்வதும், திரையில் தோன்றுவதும் உடனுக்குடன் இன்னொரு கணினிக்கு மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படும். அந்தக் கணினியில் அவருக்கு எந்த அதிகாரமும் இருக்காது. ஆகவே தாம் பணியாற்றும் கணினியில் அவர் எதை அழித்தாலும், அழித்த செயலின் பதிவு அவரது கைக்கு எட்டாத இடத்தில் எஞ்சியிருக்கும். பின்னர் கணக்காய்வாளர் ஒருவர் அந்த அமர்வை ஒளிப்படச் சுருளை ஓடவிட்டுப் பார்ப்பதுபோல மீள ஓடவிட்டுப் பார்க்கலாம். பதிவுச் சேவையகத்துடன் தொடர்பு கிடைக்காவிட்டால் கட்டளையையே இயக்க மறுக்கும்படி அமைத்துக்கொள்ளவும் முடியும்.

கோயில் உண்டியலானாலும் பள்ளிவாசல் உண்டியலானாலும் நிர்வாக சபையினர் சிலரின் முன்னிலையில் திறந்து எண்ணுவதே நமது ஊர்களில் நல்ல வழக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அதனைத் திருட்டுப் பயத்தினால் மட்டுமே வந்த வழக்கம் எனக் கூறிவிட முடியாது. எண்ணுபவர் மீது நாளை ஒரு வீண்பழி வந்துவிடக் கூடாது என்பதும் அதற்கான காரணமாகும். மையப் பதிவுச் சேவையகம் செய்வதும் இந்த வேலையைத்தான்.

இரண்டாவது ஓட்டைக்கான விடை 2021 செப்டெம்பரில் வெளியான 1.9.8 பதிப்பில் வந்தது. அனுமதிக்கப்பட்ட கட்டளை ஒன்றுக்குள்ளிருந்து வேறொரு கட்டளை பிறக்குமானால் அதனையும் இடைமறித்து விதிக்கோப்புடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியே அது. விரும்பினால் தடுக்காமல் பதிவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எழுத்துத் தொகுப்பானுக்குள்ளிருந்து தப்பிச் செல்பவரின் தடயமும் இவ்வாறு பதிவாகிவிடும். ஆயினும் இது எல்லா வகை நிரல்களிலும் ஒரே அளவில் பலிப்பதில்லை என்பதால் இதனை மட்டும் நம்பியிருப்பது விவேகமன்று. கோப்பொன்றைத் திருத்துவதற்காகவே ஒருவருக்கு அனுமதி வழங்குவதாயின் அதற்கெனச் சூடூவில் நீண்டகாலமாகவே தனிவழி ஒன்று உண்டு. கோப்பின் தற்காலிகப் பிரதியொன்று பாவனையாளரின் சாதாரண அதிகாரத்துடன் திறக்கப்படும். திருத்தி முடிந்த பின்னரே உரிய இடத்துக்கு நகர்த்தப்படும். தொகுப்பானுக்கு ரூட்டின் அதிகாரம் கிடைக்காதபோது தப்பிச் செல்வதற்கு வழியும் இல்லாது போகின்றது.

மூன்றாவது ஓட்டையைப் பொறுத்தவரை, ஒரு விதி எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்பதை விதிக்கோப்பிலேயே குறிப்பிட முடிகின்றது. ஒப்பந்தகாரரின் அனுமதி உரிய நாளில் தானாகவே காலாவதியாகும். எவருடைய நினைவையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. இதற்கு மேலதிகமாக, விதி இடமளித்த பின்னரும் இன்னொரு சம்மதத்தைக் கோரும் துணை நிரல்களை 1.9 வரிசையில் இணைக்கலாம். அலுவலக நேரத்துக்கு வெளியே எந்தக் கட்டளையையும் இயக்க விடாத நிரல் இதற்கு ஓர் எளிய உதாரணம். இவற்றைப் பைத்தன் மொழியில் எழுத முடிவதால் சாதாரண நிரலாளர் ஒருவராலும் தமது நிறுவனத்துக்கு ஏற்ற விதியை ஆக்கிக்கொள்ள முடியும்.

இன்னொரு நுட்பமான மாற்றமும் கவனிக்கத்தக்கது. தட்டச்சு செய்யப்படுபவை எல்லாம் பதிவாகும்போது, அந்த அமர்வில் நிர்வாகி வழங்கும் கடவுச்சொற்களும் பதிவாகிவிடும் அபாயம் உண்டு. சாட்சிக்காக வைத்த பதிவேடே இரகசியங்களின் களஞ்சியமாகிவிடலாம். 2022 இல் வெளியான 1.9.10 பதிப்பு, கடவுச்சொல் கோரப்படும் இடங்களை இனங்கண்டு அவற்றைப் பதிவில் மறைக்கும் வசதியைச் சேர்த்தது. கண்காணிப்பவரும் எல்லாவற்றையும் அறிந்துகொள்ளத் தேவையில்லை என்ற நிதானம் இதில் வெளிப்படுகின்றது.

வேலியே பயிரை மேய்ந்தால்

இவ்வளவும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், காவலனாக நிற்பதும் மனிதர் எழுதிய ஒரு மென்பொருள்தான் என்பதை மறந்துவிடலாகாது. சூடூ எவர் அழைத்தாலும் முதலில் ரூட்டின் அதிகாரத்துடனேயே விழித்தெழும். அதன் பின்னர்தான் அழைத்தவருக்கு அனுமதி உண்டா என்பதை அது ஆராயும். இதற்கு வழிசெய்யும் யுனிக்ஸ் பொறிமுறை டெனிஸ் ரிச்சியின் கண்டுபிடிப்பாகும். அந்த ஆராய்ச்சிக்கு இடையில் ஒரு தவறு நேர்ந்தால் வாசற்காவலனின் கையிலிருக்கும் திறப்பே பறிபோய்விடும்.

2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அத்தகைய தவறொன்றைப் பகிரங்கப்படுத்தியது. விதிக்கோப்பில் பெயரே இல்லாத சாதாரண பாவனையாளர் ஒருவர்கூட, கட்டளையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் எழுதுவதன் மூலம் ரூட்டாகிவிட அது இடமளித்தது. அந்தத் தவறு 2011 ஜூலையில் நுழைந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக எண்ணற்ற கணினிகளில் எவருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது.

2025 ஜூன் இறுதியில் மேலும் இரு தவறுகள் வெளியாயின. அவற்றுள் பாரதூரமானது, 2023 இல் வெளியான 1.9.14 பதிப்பில் செய்யப்பட்ட மாற்றமொன்றினால் நேர்ந்தது. அதற்கு இடமளித்த, அரிதாகவே பயன்படும் வசதியைக் கைவிடுவதென்றே சூடூவைப் பேணுவோர் தீர்மானித்தனர். மற்றையது 12 ஆண்டுகளாக மறைந்து கிடந்தது. 1.9.17 பதிப்புக்கான திருத்தத்தில் இரண்டும் சீர்செய்யப்பட்டன. எனினும், முதலாவது தவறு உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகவரகம் அதே ஆண்டு செப்டெம்பரில் எச்சரிக்க நேர்ந்தது. திருத்தம் வெளியாகி மூன்று மாதங்கள் கடந்தும் அதனை நிறுவாதவர்கள் இருந்தனர் என்பதையே இது காட்டுகின்றது.

வசதிகள் பெருகப் பெருகத் தவறுகளுக்கான வாய்ப்பும் பெருகும் என்ற வாதம் இவ்வாறுதான் வலுப்பெற்றது. ஓபன்பிஎஸ்டி முறைமையினர் 2015 இலேயே சூடூவுக்குப் பதிலாக 'டூஆஸ்' எனும் மிகச் சிறிய மென்பொருளைத் தமது முறைமையில் சேர்த்துக்கொண்டனர். குறைந்த வசதிகள், குறுகிய விதிக்கோப்பு, எளிதில் வாசித்து முடிக்கக்கூடிய நிரல் என்பன அதன் சிறப்பு. 2024 இல் லினக்ஸின் சிஸ்டம்டி 256 பதிப்புடன் வந்த 'ரன்0' வேறொரு வழியை நாடியது. அது தானே ரூட்டாக விழித்தெழுவதில்லை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் மையச் சேவையிடம் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்தால் கட்டளையை அச்சேவையின் மூலமே இயக்குவிக்கின்றது.

மூன்றாவது வழி, சூடூவையே ரஸ்ட் எனும் மொழியில் புதிதாக எழுதுவதாகும். 2021 இல் வெளியானது போன்ற நினைவகத் தவறுகளை அம்மொழி பெருமளவில் தடுத்துவிடும். 2025 ஒக்டோபரில் வெளியான உபுண்டு 25.10 பதிப்பு இந்தப் புதிய மென்பொருளையே இயல்பான தெரிவாக ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அதிலும் இரு தவறுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கடவுச்சொல்லைப் பாதியில் தட்டச்சு செய்தவாறு காலம் கடந்துவிட்டால் அப்பகுதி திரையில் தோன்றிவிடுவதாகும். அவை கடுமையானவை அல்ல, விரைவிலேயே திருத்தவும்பட்டன. ஆயினும் மொழியை மாற்றுவதால் சிந்தனைத் தவறுகளும் மறைந்துவிடுவதில்லை என்ற பாடம் எஞ்சுகின்றது.

திறப்புகளைப் பாதுகாப்பதற்கென்றே விற்கப்படும் பெருநிறுவன மென்பொருள்களும் இதற்கு விதிவிலக்கல்ல. சிறப்புரிமைக் கடவுச்சொற்களைப் பெட்டகமொன்றில் பூட்டி வைத்து, வேண்டியபோது வேண்டிய நேரத்துக்கு மட்டும் வழங்குவது அவற்றின் வழிமுறை. அத்துறையில் பெயர்பெற்ற பியோண்ட்ரஸ்ட் நிறுவனத்தின் தொலைநிலை உதவிச் சேவைக்குரிய இரகசியத் திறவுகோல் ஒன்று 2024 டிசெம்பரில் திருடப்பட்டு, அதன் வழியாக அமெரிக்கத் திறைசேரியின் கணினிகள் சிலவற்றுக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது. எல்லோருடைய திறப்புகளையும் ஒரே இடத்தில் வைப்பவர் அந்த ஓர் இடத்தின் பாதுகாப்புக்கு எத்தகைய விலை கொடுக்க வேண்டும் என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

இன்னொரு புறத்தில், உலகமே நம்பியிருக்கும் சூடூவின் பராமரிப்பு பிரதானமாக ஒரு மனிதரின் தோளிலேயே இருந்து வந்துள்ளது. டொட் மில்லரின் பணிக்கு 2010 முதல் ஆதரவளித்து வந்த நிறுவனத்தின் துணை 2024 இல் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர், பராமரிப்பைத் தொடர்வதற்கு ஆதரவாளர் ஒருவரைத் தேடுவதாக அவர் தமது இணையத்தளத்தில் அறிவித்தார். தனிமனிதரில் தங்கியிருத்தல் என்ற நோய்க்கு மருந்தாக வந்த மென்பொருளே அதே நோய்க்கு உள்ளானமை சிந்தனைக்குரியது.

செய்ய வேண்டியவை

இவற்றிலிருந்து ஒரு சிறிய நிறுவனம்கூடப் பெறக்கூடிய படிப்பினைகள் உள்ளன. ரூட்டின் கடவுச்சொல்லைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். தொலைவிலிருந்து நேரடியாக ரூட்டாக நுழையும் வழியை மூட வேண்டும். ஒவ்வொருவரும் தமது சொந்தப் பெயரில் நுழைந்து, தமது பணிக்குத் தேவையான அதிகாரத்தை மட்டும் பெற வேண்டும். பதிவுகள் வேறொரு கணினிக்குச் செல்ல வேண்டும்; அந்தக் கணினி வேறொருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வெளியானால் மாதக்கணக்கில் காத்திராமல் அதனை நிறுவ வேண்டும். விலகிச் சென்றவர்களின் பெயர்களை விதிக்கோப்பிலிருந்து நீக்குவது, அவர்களிடமிருந்து அலுவலகத் திறப்பைத் திரும்பப் பெறுவதைப் போன்றே கட்டாயமானதாக வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பணச்செலவு தேவையில்லை. சூடூ இலவசமாகவே கிடைக்கின்றது.

இவற்றையெல்லாம் செய்தாலும், பதிவுகளை வாசிப்பதற்கு ஒருவர் இல்லையெனில் பயனில்லை. எவரும் வாசிக்காத பதிவேடு, எவரும் அழைக்காத சாட்சியைப் போன்றதே.

கண்காணிப்பு என்றவுடன் நிர்வாகிகள் சிலர் தம்மை நம்பவில்லை என மனம் வருந்துவது இயல்பு. உண்மையில் பதிவேட்டினால் அதிக நன்மை அடைபவர் நேர்மையான நிர்வாகியே. ஒரு தரவுத்தளம் அழிந்துபோன மறுநாள் காலையில், அதிகாரம் இருந்த ஒரே காரணத்துக்காக எல்லோருடைய சந்தேகமும் அவர் மீதே விழும். தாம் செய்யவில்லை என்பதை அவரால் எவ்வாறு நிரூபிக்க முடியும்? தமது கைக்கு எட்டாத இடத்தில், தம்மால் திருத்த முடியாத வகையில் இருக்கும் பதிவேடு மட்டுமே அப்போது அவருக்காகப் பேசும். நிறுவனம் அத்தகைய பதிவேட்டை வைக்கவில்லையெனில், அதனைக் கேட்டுப் பெறுவதற்கு முதலில் முன்வர வேண்டியவரும் திறப்பை வைத்திருக்கும் அவரேயாவார்.